தொற்றுக் காலத்தில் ஊரோடு பேசுவது எப்படி? ஆப்பிரிக்கக் களப்பணிக்கான முழுமையான வழிகாட்டி

எபோலா, கொரோனா, எம்பாக்ஸ் (குரங்கம்மை) போன்ற நோய் பரவும் ஒரு மாவட்டத்துக்கு மக்கள் தொடர்புப் பொறுப்பில் முதல் முறையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மவர்களிலும் மருத்துவர்களாகவும் தொண்டு நிறுவன ஊழியர்களாகவும் இந்தப் பணிக்குப் போகிறவர்கள் உண்டு.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வரிசைதான். கேட்பதற்கு முன்பே பேசிவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் தயாராவதற்கு முன்பே "உடனே அழையுங்கள்" என்று வானொலியில் அறிவித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலையும் தன்னளவில் சரியாக இருந்தாலும், வரிசை பிசகினால் ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஆகவே கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளின் 2014–2016 எபோலாக் காலத்திலிருந்தும், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே 2018 முதல் 2020 வரை நீடித்த எபோலாவிலிருந்தும், கொரோனா ஆண்டுகளிலிருந்தும் எடுத்தவை. வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, விவரங்களை அந்தந்த ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. புறப்படும் முன் திரட்ட வேண்டியவை

முதலில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அரசு ஓர் எண்ணிக்கையும் நீங்கள் வேறோர் எண்ணிக்கையும் சொன்னால் மக்கள் இரண்டையும் நம்ப மாட்டார்கள். யார் ஊடகத்திடம் பேசுவார், யார் ஊரில் பேசுவார் என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது மொழிப் பட்டியல். சியரா லியோனில் அலுவல் மொழி ஆங்கிலம். சந்தையில் ஒலிப்பது கிரியோ. தெற்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் மெண்டே, வடக்கில் டெம்னே. வீட்டில் பேசும் மொழி, வானொலியில் கேட்கும் மொழி, படிக்கத் தெரிந்த மொழி ஆகிய மூன்றையும் ஊர் வாரியாகத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும் ஊர்கள் குறைவு.

மூன்றாவது சேவைப் பட்டியல். உதவி எண் எது, ஆம்புலன்ஸ்கள் எத்தனை, எந்த ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், சிகிச்சை மையத்தில் எத்தனை படுக்கைகள் காலி, இறந்தவர்களைப் பாதுகாப்பாகப் புதைக்கும் அடக்கக் குழு எங்கே இருக்கிறது, தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு யார் உணவு கொண்டுபோவார் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு மனிதரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். துறையின் பெயர் போதாது. நள்ளிரவில் துறை தொலைபேசியை எடுக்காது. ஐந்தாம் படி முழுவதும் இந்தத் தாளை நம்பித்தான் நடக்கிறது.

நான்காவது, உள்ளூர்த் தொண்டர்களுக்கான தினப்படி. தொலைபேசிக் கட்டணம், மழைக்கோட்டு, சோப்பு, பைக் வாடகை எல்லாம் அதில் அடங்க வேண்டும். பக்கத்தில் வேலை செய்யும் மற்ற அமைப்புகளுடன் பேசி ஒரே விகிதத்தை வையுங்கள். ஒரே தெருவில் இரண்டு தொண்டர்களுக்கு இரண்டு விதமான படி கொடுத்தால், ஊரில் நோயைப் பற்றிய பேச்சு நின்று பணத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

2. முதல் சில நாள்கள் கேட்பதற்கு மட்டும்

தலைமையகம் "என்ன செய்தி வெளியிட்டீர்கள்?" என்று நச்சரிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாள்களில் உங்கள் வேலை, ஊர் தனக்குள் என்ன பேசிக்கொள்கிறது என்று அறிவது.

குழாயடி, சந்தை, மோட்டார் பைக் டாக்ஸி நிற்கும் முனை, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பள்ளிவாசல் வாசல், ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேவாலயத் திடல், சுகாதார நிலையத்தின் காத்திருப்பு வரிசை ஆகிய இடங்களுக்குப் போங்கள். கையில் கேள்வித்தாளோடு போகாதீர்கள். "எபோலா எப்படிப் பரவும்?" என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைபோல் சரியான விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த விடைக்கும் வீட்டில் நடப்பதற்கும் தொடர்பு இருக்காது. "இந்த ஊரில் யாராவது நோயில் விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பிறகு யாரிடம் போவீர்கள்?" என்று கேளுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னால்தான் உண்மை வரும்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், பெண் பணியாளர்களைக் கொண்டு. நோயாளியைக் குளிப்பாட்டுகிறவர், வாந்தியைத் துடைக்கிறவர், துணி துவைக்கிறவர் பெரும்பாலும் பெண்தான். ஊர்க் கூட்டத்தில் பேசுகிறவர் ஆண். கூட்டத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், நோயைத் தொட்டுப் பார்த்தவர்களின் ஒரு சொல்லும் உங்கள் குறிப்பேட்டில் இருக்காது.

பழைய காயங்களையும் கேளுங்கள். வடக்கு நைஜீரியாவின் கானோவில் 1996இல் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயின்போது பைசர் என்ற மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் ஒரு மருந்தைச் சோதித்தது. அந்தச் சர்ச்சை ஆறவில்லை. 2003இல் அதே கானோவில் போலியோ சொட்டு மருந்து நிறுத்தப்பட்டபோது மக்களின் சந்தேகத்துக்குப் பின்னால் அந்த நினைவும் இருந்தது. காங்கோவின் பெனியில் ஆண்டுக்கணக்காக ஆயுதக் குழுக்கள் கிராமங்களில் கொன்று குவித்தபோது வராத உலகம், எபோலா வந்ததும் வரிசை வரிசையாக வாகனங்களில் வந்து இறங்கியது. "எங்களைக் கொன்றபோது எங்கே போனீர்கள்?" என்ற கேள்வி அங்கே எல்லோர் மனத்திலும் இருந்தது. இதை அறியாமை என்று குறித்துக்கொள்கிற பணியாளர் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

3. யார் சொன்னால் ஊர் கேட்கும்?

ஊர்த் தலைவரைப் பார்த்து வணங்கி அனுமதி பெறுவது முதல் மரியாதை. அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை. எல்லா விஷயத்துக்கும் நம்பப்படும் ஒரே ஆள் எந்த ஊரிலும் இல்லை. உடல்நலத்துக்கு மருத்துவச்சியையோ மூலிகை வைத்தியரையோ நம்புவார்கள். சாவுக்கு இமாமையோ பாஸ்டரையோ. இளைஞர்கள் பைக் ஓட்டுநர் சங்கத் தலைவரை. பெண்கள் தங்கள் சங்கத்து மூத்தவளை. கேள்வி வாரியாகப் பெயர்களை எழுதுங்கள்.

சியரா லியோனில் மரபுத் தலைவர்கள் தங்கள் ஆட்சிப் பகுதிகளில் தாங்களே விதிகள் வகுத்தார்கள்: வெளியூர் விருந்தாளியைப் பதிவு செய்யாமல் தங்க வைத்தால் அபராதம், நோயாளியை மறைத்தால் அபராதம். இமாம்களும் பாஸ்டர்களும் திருக்குர்ஆனிலிருந்தும் விவிலியத்திலிருந்தும் வசனங்களை எடுத்து, சடலத்தைத் தொடாமல் அடக்கம் செய்வது மார்க்கத்துக்கு எதிரானதல்ல என்று விளக்கினார்கள். இதை வெளியிலிருந்து வந்த எவர் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

ஆயுதப் பாதுகாப்போடு ஊருக்குள் நுழையாதீர்கள். பாதுகாப்பு அவசியம் என்றால் அன்று போகாதீர்கள். உள்ளூர் ஆளை அனுப்புங்கள், அல்லது ஊருக்கு வெளியே சந்தியுங்கள். கினியின் வொமே கிராமத்தில் 2014 செப்டம்பரில் விழிப்புணர்வுக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். சுகாதாரப் பணியாளர்களும் அதிகாரிகளும் செய்தியாளர்களும் அவர்களில் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அதே வட்டாரத்து நகரமான என்செரெகோரேயின் சந்தையில் கிருமிநாசினி தெளித்தபோது, அதுவே நோயைப் பரப்புகிறது என்ற பேச்சு கிளம்பிக் கலவரமாக வெடித்திருந்தது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் பெரிய குழுவாகக் கிராமங்களுக்குப் போவது எவ்வளவு ஆபத்தானது என்பதை வொமேயை நினைத்தாவது உணர வேண்டும்.

4. மொழியைச் சோதியுங்கள்

மொழிபெயர்த்து அச்சிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பெனி, கோமா பகுதிகளில் பிரெஞ்சிலும் செந்தர சுவாஹிலியிலும் வந்த சுவரொட்டிகள் பலருக்கும் சரியாகப் புரியவில்லை. அவர்கள் கேட்டது தங்கள் வட்டார சுவாஹிலியையும் உள்ளூர் மொழியான நாண்டேயையும்.

சோதனை எளிது. செய்தியை ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு, "இதை உங்கள் பாட்டிக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது நீங்கள் நினைத்ததோடு ஒத்துப்போகாவிட்டால் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். படித்தவர், படிக்காதவர், முதியவர், இளைஞர் என்று சிலரிடம் செய்தால் போதும்; ஒரு பிற்பகல்கூட ஆகாது.

5. செய்திக்கு முன் சேவை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வாக்குறுதி. "காய்ச்சல் என்றால் 117ஐ அழையுங்கள்" என்று சியரா லியோன் முழுவதும் சொல்லப்பட்டது. தொடக்க மாதங்களில் அழைத்தவர்களில் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களிலும் ஆம்புலன்ஸோ அடக்கக் குழுவோ வர நாள் கணக்கில் ஆனது. வீட்டில் சடலத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பம், அடுத்த முறை அழைக்காமல் தானே அடக்கம் செய்துவிடும். அதை மீறல் என்று அதிகாரிகள் எழுதினார்கள். வாக்கை மீறியது யார் என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டால் வேறு பதில் வரும்.

ஆகவே முதல் படியில் தயாரித்த சேவைப் பட்டியலை மேசையில் விரித்து, செய்தியை வாக்கியம் வாக்கியமாக அதோடு ஒப்பிடுங்கள். "அழையுங்கள்" என்றால் நீங்களே இரவில் அழைத்துப் பாருங்கள். "சிகிச்சை மையத்துக்கு வாருங்கள்" என்றால் படுக்கை இருக்கிறதா என்று அன்றே உறுதிசெய்யுங்கள். "வீட்டிலேயே இருங்கள்" என்றால் எபோலாவுக்கு 21 நாள் அரிசியும் தண்ணீரும் விறகும் யார் கொடுப்பார்? கைகளைக் கழுவச் சொன்னால், தண்ணீர் எத்தனை தூரத்திலிருந்து சுமந்து வரப்படுகிறது? சேவை பாதிதான் தயார் என்றால் செய்தியையும் பாதியாக்குங்கள்: "ஆம்புலன்ஸ் வர ஆறு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை நோயாளியைத் தனி இடத்தில் வையுங்கள், ஒரே ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்." இப்படி உள்ளதைச் சொன்னால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தடையுத்தரவுக்கும் இதே வரிசைதான். லைபீரியத் தலைநகர் மான்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை 2014 ஆகஸ்ட் 20 அன்று இராணுவமும் காவல்துறையும் திடீரென்று அடைத்தன. யாரிடமும் முன்கூட்டிப் பேசவில்லை. மோதல் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த ஒரு சிறுவன் இறந்தான், பத்து நாளில் தடையை நீக்க வேண்டியதாயிற்று. பின்னர் அந்நகரக் குடியிருப்புகளில் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் குழு அமைத்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடித்தார்கள். அதே மக்கள்தான். கேட்ட விதம் மாறியிருந்தது.

6. செய்தியை எழுதுதல்

ஒரு செய்தியில் ஒரு செயல். அதற்கான காரணம் ஒரு வரி. அந்தச் செயலைச் செய்ய முடியாதவருக்கு ஒரு மாற்று வழி. இவ்வளவுதான்.

பயமுறுத்தாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் தொடக்கத்தில் "எபோலாவுக்கு மருந்தில்லை, எபோலா கொல்லும்" என்று சுவரெங்கும் எழுதினார்கள். மக்கள் அதை மிகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள்: மருந்தே இல்லையென்றால் அந்நியர்கள் நடுவே கூடாரத்தில் ஏன் சாக வேண்டும், வீட்டிலேயே சாகலாமே! சீக்கிரம் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்ற உண்மையை முதல் நாளிலிருந்தே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத் தகுந்தவர் பிழைத்து வீடு திரும்பியவர்.

எது இப்போது நோயைப் பரப்புகிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். "காட்டு விலங்கு இறைச்சி தின்னாதீர்கள்" என்ற செய்தி அந்தக் காலத்தில் எங்கும் ஒலித்தது. நோயோ அப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த இறைச்சியைத் தின்று வந்தவர்கள், இவர்கள் சொல்வது பொய் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதோடு சேர்ந்து மற்ற செய்திகளும் மதிப்பிழந்தன.

ஒவ்வொரு செய்தியிலும் தேதி போடுங்கள். பெருந்தொற்றில் அறிவுரை மாறும். தென்னாப்பிரிக்கா 2021 பிப்ரவரியில், அங்கே பரவிய கொரோனாவின் புதிய திரிபுக்கு எதிராக அஸ்ட்ராசெனிகா தடுப்பூசி லேசான, மிதமான நோயைத் தடுப்பதில் பலவீனமானது என்று ஆய்வு காட்டியதால் அதன் விநியோகத்தை நிறுத்திவைத்தது. இத்தகைய மாற்றம் வரும்போது, "நேற்றுவரை இப்படிச் சொன்னோம், இன்று இது தெரியவந்தது, ஆகவே இனி இப்படி" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய சுவரொட்டியைக் கிழித்துவிட்டுச் சத்தமில்லாமல் புதியதை ஒட்டுவது ஏமாற்றியதாகவே படும்.

வானொலியில் விளம்பரப் பாட்டைவிட, நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்கும் நிகழ்ச்சிக்கு நேரம் வாங்குங்கள். வாரந்தோறும் ஒரே நாள், ஒரே நேரம். பதில் தெரியாதபோது, "தெரியவில்லை, விசாரித்து அடுத்த வாரம் இதே நேரத்தில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி சொல்லவும் வேண்டும்.

7. சாவு வீட்டில்

எபோலாவில் சடலத்தைக் குளிப்பாட்டுவதும் தொடுவதும் பெரும் பரவல் வழி. இறந்தவரை முறையாக வழியனுப்பாமல் விடுவது குடும்பத்துக்கு நோயைவிடப் பெரிய பயம். மான்ரோவியாவில் 2014 ஆகஸ்டு முதல் சடலங்களை எரித்தார்கள். அதற்குப் பயந்து பல குடும்பங்கள் நோயாளிகளையும் சடலங்களையும் மறைத்தன. ஆண்டு முடியும் தறுவாயில் புதைக்க நிலம் ஒதுக்கப்பட்ட பிறகே எரிப்பது நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2014 இறுதியில் வெளியிட்ட மதிப்பார்ந்த அடக்க நடைமுறை, இந்த நாடுகளில் கிடைத்த கசப்பான அனுபவத்திலிருந்து பிறந்தது. அதன் வரிசையை மாற்றாதீர்கள்:

ஊருக்குள் பாதுகாப்பு உடை அணியாமல் நுழையுங்கள். விண்வெளி வீரர் போன்ற உருவங்கள் முகமில்லாமல் வாசலில் வந்து நின்றால் துக்க வீடு சிதறி ஓடும்.

முதலில் அனுதாபம் சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லியே பேசுங்கள். குடும்பத்தின் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள். என்ன நடக்கப்போகிறது என்பதை அவரிடம் முழுவதுமாக விளக்கி, சம்மதம் பெறுங்கள். மதப் பெரியவர் வரும்வரை காத்திருங்கள்.

அதன்பின் எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே உடை அணியுங்கள். உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகக் குறையும்.

குடும்பத்தின் கைக்கு வேலை கொடுங்கள். குழி தோண்டுவது, இடம் தேர்ந்தெடுப்பது, கபன் துணி (சடலத்தைப் போர்த்தும் துணி) கொடுப்பது, தூரத்தில் நின்று தொழுகை நடத்துவது, கல்லறையில் பெயர் எழுதுவது எல்லாம் ஆபத்தில்லாமல் செய்யக்கூடியவை. முஸ்லிம் சடலத்துக்கு நீராட்டுவதற்குப் பதில் தயம்மும் (தண்ணீரில்லாமல் மண்ணைக் கொண்டு செய்யும் தூய்மைச் சடங்கு) செய்ய இமாம் சம்மதித்தால், பயிற்சி பெற்ற குழுவினர் அதை நிறைவேற்றலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கறுப்புப் பைக்குப் பதில் வெள்ளைப் பை வந்ததும் மக்கள் கேட்டதால்தான்.

சிக்கலான சாவுகளுக்கு அவசரப்படாதீர்கள். கினியின் வனப் பகுதியில் கர்ப்பிணி ஒருவர் இறந்தார். வயிற்றுச் சிசுவோடு தாயைப் புதைப்பது கிஸ்ஸி மக்களுக்குப் பெரும் தோஷம். சிசுவை வெளியே எடுப்பதோ மருத்துவக் குழுவுக்கு உயிராபத்து. ஒரு மானுடவியலாளர் மூத்தவர்களைத் தேடிப்போய், தோஷத்துக்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டார். உண்டு. அந்தச் சடங்குக்கான செலவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது, அடக்கம் அமைதியாக நடந்தது. பல இடங்களில் ஊரின் மரபுக்குள்ளேயே இப்படி ஒரு வழி இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

8. வதந்திப் பதிவேடு

தேதி, ஊர், மொழி, சொன்னவர் ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, அவர் சொன்ன வாக்கியம் என்று ஆறே கட்டங்கள் கொண்ட தாள் போதும். வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். "தடுப்பூசி பற்றிய தவறான கருத்து" என்று சுருக்கி எழுதினால் எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாமல் போகும். சொன்னவர் பெயரை எழுதக் கூடாது. ஒரு பெயர் கசிந்தால் ஊரில் இனி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

காங்கோவில் செஞ்சிலுவைத் தொண்டர்கள் வீடு வீடாகக் கேட்டதை எழுதி வந்தார்கள்; அவை கேள்வி, நம்பிக்கை, புகார், யோசனை, நன்றி என்று பிரித்துத் தொகுக்கப்பட்டு, முடிவெடுக்கும் கூட்டங்களுக்குப் போயின. பிரித்துப் பார்த்தால், வதந்தி என்று நாம் ஒதுக்கியவற்றில் பல நியாயமான கேள்விகள் என்று தெரியும். 2018 டிசம்பரில் எபோலாவைக் காரணம் காட்டிப் பெனியிலும் புடெம்போவிலும் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. "எபோலா அரசியல்" என்று மக்கள் சொன்னார்கள். பெனியில் ஒரு நோயாளி மையம் தாக்கப்பட்டது. அதற்குத் துண்டறிக்கையால் பதில் சொல்ல முடியுமா?

பேச்சால் தீராத சந்தேகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் செயலால் பதில் சொல்லுங்கள். சிகிச்சை மையத்துக்குள் உறுப்பைத் திருடுகிறார்கள் என்ற பயம் பரவிய இடங்களுக்கு, குடும்பம் வெளியே நின்று நோயாளியைப் பார்த்துப் பேசக்கூடிய ஒளிபுகும் சுவர் கொண்ட அறைகள் பெரிய பதிலாக இருந்தன. பெனியில் அவை பயன்பட்டன. காலாவதியான கொரோனாத் தடுப்பூசியைப் போடுகிறார்கள் என்ற பயம் மலாவியில் எழுந்தபோது, அரசு 2021 மே மாதத்தில் 19,610 டோஸ்களை லிலோங்வேயில் எல்லோரும் அறிய எரித்தது. கானோ 2004இல் போலியோ மருந்தை மீண்டும் ஏற்றுக்கொண்டது, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவித்த பிறகு.

வதந்தியைத் தலைப்பாக்கி மறுக்காதீர்கள். கேட்டிராதவருக்கும் அது போய்ச் சேரும். உண்மையை முதலில் சொல்லி, தேவையென்றால் மட்டும் வதந்தியைத் தொடுங்கள்.

9. பதில் ஊருக்குத் திரும்ப வேண்டும்

பதிவேடு நிறைந்தும் பலனில்லாமல் போவது இந்தப் படியில்தான். வாரம் ஒருமுறை ஒரே ஒரு பக்கத்தில், அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளையும் புகார்களையும் எழுதி, மாவட்டக் கூட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எப்போது என்று கேட்டு வாங்குங்கள்.

பிறகு அதே ஊருக்கு, முடிந்தால் அதே தொண்டரே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும்: "போன வாரம் ஆம்புலன்ஸ் சைரன் வேண்டாம் என்றீர்கள், இனி ஊருக்குள் ஒலிக்காது." முடியாத காரியத்துக்கு முடியாது என்றும், ஏன் முடியாது என்றும் சொல்லுங்கள். கேட்டுவிட்டுத் திரும்பி வராத குழுவுக்கு இரண்டாம் முறை யாரும் மனம் திறப்பதில்லை.

10. தொற்று தணியும்போது

குணமாகி ஊருக்குத் திரும்புகிறவரோடு ஒரு சுகாதாரப் பணியாளர் கூடவே போய், அண்டை வீட்டார் முன்னிலையில் கை குலுக்கி விட்டுவர வேண்டும். குணமானவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு வேலை கொடுங்கள்; பெனியில் தாய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளைக் குழந்தைகள் காப்பகத்தில் பார்த்துக்கொண்டவர்கள் எபோலாவிலிருந்து மீண்டவர்களே.

நீங்கள் கிளம்பும் முன் நம்பிக்கைக்குரியவர்களின் பட்டியல், மொழிப் பட்டியல், பதிவேடு மூன்றையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் ஒப்படையுங்கள். பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபாருங்கள். தொண்டர்களின் நிலுவைப் படியை முழுவதும் தீர்த்துவிட்டு, வானொலி நிகழ்ச்சியை அடுத்து நடத்தப்போகும் உள்ளூர்ச் செவிலியரை ஒலிபரப்பிலேயே நேயர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள்.